மின்கம்பியில் பாட்டு அனுப்பிய ராணுவ ஜெனரல்

வீட்டு பிளக் பாயின்ட் வழியாகவே இன்டர்நெட் எடுக்கலாம், தெரியுமா? இந்த ஐடியாவுக்கு நூறு வயசு ஆச்சு. முன்னோடி, அமெரிக்க ராணுவ ஜெனரல் ஜார்ஜ் ஓவன் ஸ்க்வையர்.

1865-ல் மிச்சிகனில் பிறந்தவர். 1910-ல், ஒரே டெலிபோன் கம்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட உரையாடல்களை ஒரே நேரத்தில் அனுப்பிக் காட்டினார். அடுத்து மின்கம்பி. கரன்ட் குறைந்த அதிர்வெண்ணில் ஓடும்; சிக்னலை அதிக அதிர்வெண்ணில் ஏற்றினால், மறுமுனையில் எளிதாகப் பிரிச்சுடலாம்.

1920-களில் இந்த முறையில் வீடுகளுக்குக் கட்டணப் பாட்டுச் சேவை தொடங்கியது. இலவச ரேடியோ அதை முந்திவிட்டது. 1934-ல் அந்தச் சேவைக்கு மியூசாக் என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு இறந்தார். கடை, ஹோட்டல்களின் பின்னணி இசையாகத்தான் மியூசாக் பிரபலமானது.

அன்று வீட்டில் எடுபடாத மின்கம்பி ஐடியா, இன்று வீட்டுக்கே திரும்பிடுச்சு. பவர்லைன் அடாப்டர் இன்டர்நெட்டைக் கடத்துவதும், இத்தாலியின் ஸ்மார்ட் மீட்டர்கள் மின் பயன்பாட்டுக் கணக்கை அனுப்புவதும் இதே வழியில்தான்.