குப்பைக்குத் தப்பிய தாள்கள்

2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் தேதி, நியூயார்க் நகரின் சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் பழைய தாள்கள் சில ஏலத்திற்கு வந்தன. வேடிக்கைக் கதைகள், கவிதைகள், கோட்டோவியங்கள் என மொத்தம் 89 உருப்படிகள். அத்தனையும் விற்றுப்போயின. கிடைத்த தொகை ஏறக்குறைய 2.9 மில்லியன் அமெரிக்க டாலர். அவற்றைப் படைத்தவர் ‘பீட்டல்ஸ்’ இசைக்குழுவின் பாடகர் ஜான் லெனன்.

லெனன் 1940இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்ததால் பெரியம்மா மிமியின் வீட்டில் வளர்ந்தார். பெரியப்பா ஜார்ஜ் நாளிதழை வைத்து அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். படிப்பில் பிறந்த ஆர்வம் பாடநூல்களின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பள்ளியில் ஆசிரியர்களைக் கேலிச்சித்திரமாக வரைவார். கையாலேயே ஒரு நகைச்சுவை ஏடு தயாரித்து நண்பர்களிடம் சுற்றுக்கு விடுவார். சாதாரண நிலைத் தேர்வில் ஒரு பாடத்தில்கூடத் தேறவில்லை.

மிமி கண்டிப்பானவர். லெனன் எழுதிப் போட்ட தாள்களைக் குப்பை என்றே எண்ணி எறிந்துவிடுவார். தான் புகழ்பெற்ற பிறகு அவர் இதற்காக வருந்துவார் என்று லெனன் எச்சரித்தாராம். தேர்வில் தோற்ற பிள்ளையின் கிறுக்கல்களை எந்தப் பெரியம்மாதான் பத்திரப்படுத்துவார்? ஆனாலும் அந்த மனக்குறை லெனனை விட்டு நீங்கவே இல்லை. உலகப் புகழ் பெற்ற பிறகும் நேர்காணலில் அதைச் சொல்லிக் கோபப்பட்டார். அதே பெரியம்மாவுக்குக் கடலோரத்தில் ஒரு வீடும் வாங்கிக் கொடுத்தார்.

லெனனுக்கு 17 வயதானபோது அவருடைய தாய் ஜூலியா கார் மோதி இறந்தார். பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை மகனுக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். சில ஆண்டுகளில் ‘பீட்டல்ஸ்’ புகழின் உச்சியைத் தொட்டது. அப்போது டாம் மாஷ்லர் என்னும் லண்டன் பதிப்பாசிரியரின் பார்வையில் லெனனின் எழுத்துகள் பட்டன. பாடகர் என்பதற்காக அன்றி, எழுத்தில் இருந்த குறும்புக்காகவே அவர் அவற்றை நூலாக்க முனைந்தார். 1964இல் முதல் நூல் வெளிவந்தது. ‘இன் ஹிஸ் ஓன் ரைட்’ என்ற அதன் தலைப்பே ஒரு சொல் விளையாட்டு. ‘ரைட்’ என ஒலிக்கும் இரு ஆங்கிலச் சொற்களுள், ‘உரிமை’ எனப் பொருள்படும் சொல் வரவேண்டிய இடத்தில் ‘எழுது’ எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றது. நூலின் உள்ளேயும் பக்கத்துக்குப் பக்கம் வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழைகள்! ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கக்கூடியவற்றை வாசகர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். மறு ஆண்டே இரண்டாம் நூலும் வந்தது.

அச்சுக்குப் போன பிறகும் மாஷ்லர் மூலத்தாள்களை எறிந்துவிடவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாதுகாத்தார். இதற்கிடையே, 1980 டிசம்பர் 8ஆம் தேதி, நியூயார்க்கில் தம் குடியிருப்பின் வாசலில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40.

அதே நகரில் நடந்த ஏலத்தில் மிக உயர்ந்த விலைக்குப் போனது, ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளைக் கிண்டல் செய்து லெனன் எழுதிய ஒரு கதை. அதன் விலை 200,000 டாலரைத் தாண்டியது. அதைக் காண மிமி உயிருடன் இல்லை. அவர் 1991இல் காலமாகிவிட்டார். அவர் எறிந்த தாள்களில் என்னென்ன கதைகள் இருந்தனவோ!