ஆயிரம் குரல் படைத்த மனிதர்

ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாகிய நமக்கு ஒரு திறமை தானாகவே வாய்த்துவிடுகிறது. வீட்டில் பாட்டியிடம் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடம், சிப்காட் பக்கம் அண்டை வீட்டாரிடம் ஹிந்தி. மொழி மாறும்போது நம் குரலும் சற்றே மாறுவதை நாம் கவனிப்பதில்லை. அதைக் கவனித்த ஒரு சிறுவனின் வரலாற்றை இங்குக் காண்போம்.

மெல் பிளாங்க் 1908-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார், வளர்ந்தது போர்ட்லண்டில். பல நாட்டாரும் குடியேறியிருந்த அந்நகரில், மளிகைக் கடைக்காரர் முதலானோரின் பேச்சைக் கேட்டு அப்படியே பேசிக் காட்டுவார். பள்ளித் தாழ்வாரத்தில் எதிரொலி கேட்பதற்காகவே உரக்கச் சிரித்துவிட்டு ஓடுவாராம். (நம் சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம், அச்சிரிப்பே பின்னாளில் மரங்கொத்தி கார்ட்டூனில் புகழ் பெற்றது!) அவருடைய குடும்பப் பெயருக்கு வெறுமை என்று பொருள். பெயரைப் போலவே நீயும் வெறுமையாகத்தான் இருப்பாய் என்று ஆசிரியை ஒருவர் கடிந்துகொண்டார். அது அவர் நெஞ்சில் தைத்தது. பதினாறு வயதில் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டார்.

1927-இல் வானொலியில் நுழைந்தார். 1933-இல் எஸ்டெல் அம்மையாரை மணந்தார். இருவரும் நடத்திய நிகழ்ச்சியில் வேறு நடிகரை அமர்த்தப் பணமில்லை. ஆகவே எல்லாப் பாத்திரங்களுக்கும் அவர்களே பேசினர். வறுமை கற்பித்த பாடம் என்றே இதைச் சொல்ல வேண்டும். பின்னர் ஹாலிவுட் சென்று, ஒரு கார்ட்டூன் கூடத்தின் கதவை ஒன்றரை ஆண்டுக்காலம் தட்டி, உள்ளே புகுந்தார். திக்கித் திக்கிப் பேசும் பன்றிக்குட்டி போர்க்கி, வாத்து டாபி, பூனை சில்வெஸ்டர், மஞ்சள் குருவி ட்வீட்டி என ஒரே தொண்டையிலிருந்து ஒரு மிருகக்காட்சிசாலையே பிறந்தது. வாத்தின் குரலைப் பதிவு செய்து, வேகத்தைக் கூட்டி ஒலிக்கச் செய்வார்கள். 1940-இல் வந்தது பக்ஸ் பன்னி முயல். அதே ஆண்டு வெளியான பினோக்கியோ படத்திலும் ஒரு பூனைக்காக நாள்கணக்கில் பேசினார். கடைசியில் படத்தில் மிஞ்சியது ஒரே ஒரு விக்கல்!

அக்காலத்தில் குரல் கொடுத்தோரின் பெயரைத் திரையில் காட்டும் வழக்கமில்லை. ஊதிய உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது. அப்படியானால் பெயரையாவது போடுங்கள் என்றார். போட்டார்கள். அதன்பின் வானொலி வாய்ப்புகள் அவரைத் தேடி வந்தன.

1961 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய கார் எதிரே வந்த காருடன் மோதியது. எலும்புகள் பல நொறுங்கின. நாள்கள் பல சென்றும் நினைவு திரும்பவில்லை. மனைவியும் மகனும் கட்டிலருகே அமர்ந்து பெயர் சொல்லி அழைத்தனர், பதிலில்லை. ஒருநாள் மருத்துவர் அவரை விட்டுவிட்டு, முயலிடம் நலம் விசாரித்தார். அசைவற்றுக் கிடந்தவரின் வாயிலிருந்து முயலின் குரலில் மெல்லிய பதில் வந்தது! அடுத்து பன்றிக்குட்டியை விசாரித்தார். அதுவும் திக்கித் திக்கிப் பதில் சொன்னது.

உடல் முழுதும் மாவுக்கட்டுடன் வீடு திரும்பியவரின் கட்டிலைச் சுற்றி மைக்குகளை வைத்து, சக நடிகர்களும் கூடி நிற்க, பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் பார்னிக்கு அவர் பேசியதைப் பதிவு செய்தார்கள். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1989 ஜூலை 10-இல் தம் 81-ஆம் வயதில் காலமானார். படம் முடியும்போது பன்றிக்குட்டி கூறும் விடைபெறும் சொற்களே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன.