இலையை அளந்த மருத்துவர்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. நோய் தீர்க்க வந்த மருந்தே நோய் தருமா என்று நாங்கள் திகைத்தோம். அவளுக்கு வந்தது ஒவ்வாமை. அளவு மீறினாலும் மருந்து தீங்கு செய்யும். அதை 200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதி வைத்தவர் மருத்துவர் வில்லியம் விதரிங்.

இவர் 1741-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெலிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். 1766-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்தில் தாவரவியல் என்றாலே இவருக்கு வேப்பங்காய்! (எங்களுள் சிலருக்கு இது ஆறுதலான செய்தி.) பிறகு, பூக்களை ஓவியமாகத் தீட்டும் ஹெலனா என்னும் நங்கைக்காகச் செடிகளைத் தேடி அலைந்தார். 1772-இல் அவரையே மணந்தார். 1776-இல் தம் நாட்டுச் செடிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதிவிட்டார்.

1775-இல் ஒரு வீட்டுமருந்தைப் பற்றி இவரிடம் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி இரகசியமாகக் காத்துவந்த மருந்து அது. உடலில் நீர் கோத்து வீங்கும் நோயை, மருத்துவர்கள் கைவிட்ட பின்னும் அது தீர்த்ததாம். அதில் இருபதோ அதற்கு மேலோ மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் இலை ஒன்றே என்று செடிகளை அறிந்த விதரிங் கண்டுகொண்டார். தையல் வகுப்பில் நாம் விரலில் மாட்டும் உறை போன்ற பூ அதற்கு. அந்த மூதாட்டியின் பெயரை அவர் எழுதாமல் விட்டது எங்களுக்குக் குறைதான்.

பர்மிங்ஹாமில் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்துவந்த விதரிங், அந்த இலையைப் பலருக்குக் கொடுத்தார். தொடக்கத்தில் அளவு மிகுந்துவிட்டது. நோயாளிகள் ஓயாமல் வாந்தி எடுத்தனர். பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிந்தது. நாடி மிகவும் தளர்ந்தது. இதை அவர் மறைக்கவில்லை. தாம் மிக அதிகமாகக் கொடுத்ததையும், நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்தாததையும் தம் கையாலேயே எழுதினார்.

யார்க்ஷயர் வணிகர் ஒருவரின் கதையும் அவர் நூலில் உண்டு. அவர் மனைவி, கணவரின் மூச்சிரைப்பைப் போக்க எண்ணி, ஒரு பெரிய கைப்பிடி பச்சை இலையைக் கொதிக்கவைத்து அந்நீரைக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தவருக்கு வாந்தி நிற்கவில்லை, கண் மங்கியது, நாடி நிமிடத்திற்கு 40 ஆயிற்று. அரும்பாடுபட்டுப் பிழைத்தார். பாவம் அந்த அம்மாள்! மருந்தை அறிந்திருந்தார், அளவை அறியவில்லை.

அளவைக் காண விதரிங்குக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. பருவத்திற்குப் பருவம் இலையின் வீரியம் மாறுவதால், செடி பூக்கும் வேளையில் மட்டும் பறிக்கச் சொன்னார். கொதிக்கவைத்தால் வீரியம் கெடுகிறது என்று, உலர்த்திப் பொடியாக்கினார். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை, நாளுக்கு இருமுறை. சிறுநீர் நன்கு பிரிந்தாலோ, குமட்டல் கண்டாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு போனாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

1785-இல் வெளிவந்த அவர் நூலில் 160-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் உள்ளன. குணமானவர்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் பெரும்புகழ் கிடைத்திருக்கும். ஆனால் பயன் பெறாதவர்களையும் இறந்தவர்களையும் அவர் விடாமல் சேர்த்தார். மற்ற மருத்துவர்கள் அளவறியாமல் கொடுத்து உயிரைப் போக்கிவிடக் கூடாதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

இந்த இலை இதயத்தின் துடிப்பை மாற்ற வல்லது என்பதை விதரிங் குறித்துவைத்தார். ஆனால் நீர் வீக்கத்திற்கு இதயத்தின் தளர்ச்சியும் காரணம் என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது. 1930-இல் இதே இனச் செடி ஒன்றிலிருந்து டிகாக்சின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. அதை உண்பவருக்குக் குமட்டலோ பார்வையில் மஞ்சளோ வந்தால், மருத்துவர்கள் இன்றும் நாடியைப் பார்த்து, இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிக்கிறார்கள்.

நெடுங்காலம் நுரையீரல் நோயால் வருந்திய விதரிங் 1799 அக்டோபர் 6-ஆம் நாள் காலமானார். எட்ஜ்பாஸ்டன் பழைய ஆலயத்திலுள்ள அவருடைய நினைவுக்கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடியைச் செதுக்கியிருக்கிறார்கள்.