பாலசுந்தரத்தின் முண்டாசு

முதல் செமினாரில் மேடை ஏறி, நாக்கு ஒட்டிக்கிட்டு, பாதியிலேயே இறங்கி வந்தவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருப்பீங்க. உங்களுக்காகவே ஒரு வக்கீலின் கதை.

லண்டனில் படித்து 1891-ல் பாரிஸ்டர் ஆனவர் அவர். பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. வேற வக்கீலைப் பார்த்துக்கோங்க, பணத்தைத் திருப்பித் தந்துடறேன்னு சொல்லிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு ராஜ்கோட்டில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பை ஓட்டினார்.

யாருன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. மோகன்தாஸ் கரம்சந்த் காந்திதான்.

1893-ல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்கில் உதவ, ஒரு வருஷத்துக்கு 105 பவுன் சம்பளத்தில் தென்னாப்பிரிக்கா போனார். ரயிலில் இருந்து இறக்கிவிட்ட கதை ஸ்கூல் புத்தகத்திலேயே இருக்கு, அதை விடுவோம். அடுத்த வருஷம் டர்பனில் அவர் ஆபீஸுக்குள் நுழைந்த ஒரு தமிழரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

டர்பன் இருந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860-லிருந்தே சென்னையில் இருந்து கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றிப் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். கேம்பஸ் வேலையில் நாம போடுற 'பாண்ட்' மாதிரின்னு நினைச்சுடாதீங்க. பாண்டை மீறினா கம்பெனி பணம் கேட்கும், அவ்ளோதான். அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறவர் முதலாளியை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், நேரா ஜெயில். அடிமை முறைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

காந்தி அங்கே தொழில் தொடங்கி மூணு நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அதே 1894-ல் அவர் முயற்சியில் உருவான நேட்டால் இந்தியக் காங்கிரஸில் மாதச் சந்தா குறைந்தது ஐந்து ஷில்லிங். வியாபாரிகள் கட்டினார்கள், கிளார்க்குகள் கட்டினார்கள். கூலித் தொழிலாளியால் எப்படி முடியும்? அவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

அப்போதுதான் பாலசுந்தரம் வந்தார். கிழிந்த சட்டை, உடைந்த இரண்டு முன்பற்கள், வாயில் ரத்தம். அழுதுகொண்டே நடுங்கி நின்றார். டர்பனில் பேர் பெற்ற ஒரு வெள்ளைக்கார முதலாளி அடித்திருந்தார். காந்தியின் கிளார்க் தமிழர் என்பதால் விஷயம் முழுசாகப் புரிந்தது.

புது வக்கீல் என்ன செய்தார் பாருங்க. முதலில் டாக்டரிடம் அனுப்பி, காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதோடு பாலசுந்தரத்தை நேராக மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். பிரமாணப் பத்திரத்தைப் படித்த மாஜிஸ்திரேட் கோபப்பட்டு, முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார்.

இதோட நம்மாளு ஜெயிச்சாச்சுன்னு தோணும். ஆனா ஒரு சிக்கல். முதலாளிக்குத் தண்டனை கிடைத்தாலும் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். பாலசுந்தரம் அதே வீட்டுக்கு, அதே ஆளிடம்தான் திரும்பிப் போகணும்!

காந்தி சட்டத்தை எடுத்துப் படித்தார். விடுதலைக்கு இரண்டே வழி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அதிகாரி அதை ரத்து செய்யணும் அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றணும். இல்லையென்றால் முதலாளியே விடுவிக்கணும். காந்தி முதலாளியையே நேரில் போய்ப் பார்த்தார். உங்களைத் தண்டிப்பது என் நோக்கமில்லை, ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். அவர் ஒத்துக்கொண்டார். அதிகாரியோ, புது முதலாளியை நீங்களே தேடித் தரணும் என்றார். இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், காந்தி தனக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்டு இடம் வாங்கினார். அதன்பின் மாஜிஸ்திரேட் பழைய முதலாளியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, ஒப்பந்த மாற்றத்தையும் பதிவு செய்தார்.

இன்னொரு விஷயம். பாலசுந்தரம் உள்ளே வந்தபோது முண்டாசு தலையில் இல்லை, கையில் இருந்தது. வெள்ளைக்காரர் முன்னால் கூலி ஆட்கள் அப்படித்தான் நிற்கணும் என்பது அங்கே வழக்கம். காந்தி முன்னாலும் அப்படியே நின்றார். டர்பன் கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னதற்கு மறுத்து வெளியேறியவர் காந்தி. அவருக்கு இது உறுத்தாதா? முண்டாசைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கித்தான் கட்டினார். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைக் காந்தி கடைசிவரை மறக்கவில்லை.

தங்களுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. தொழிலாளர்கள் அவர் ஆபீஸைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டணும் என்று 1895-ல் சட்டம் வந்தபோது, இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்காக எதிர்த்து நின்றது. கணவன், மனைவி, வயது வந்த இரண்டு பிள்ளைகள் என்றால் 12 பவுன். குடும்பத் தலைவனின் மாத வருமானமோ 14 ஷில்லிங்கைத் தாண்டாது. வரியை ஒழிக்க கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆனது. 1913-ல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு நடந்தே கிளம்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். 1914-ல் வரி போனது.

இந்தியா திரும்பிய பிறகு, 1918-ல் அகமதாபாத் மில் தொழிலாளர்களின் 35 சதவீத ஊதிய உயர்வுப் போராட்டத்திலும் அவர்தான் முன்னால் நின்றார்.

முதல் வழக்கில் வாய் திறக்க முடியாத ஆள், பாலசுந்தரம் வழக்கில் மட்டும் எப்படி ஜெயித்தார்? அனல் பறக்கப் பேசியா? இல்லை. எதிரே நிற்பவருக்கு உண்மையில் என்ன வேணும் என்று பார்த்தார், அதற்காகச் சட்டத்தைப் படித்தார், நாலு படி ஏறி இறங்கினார். நாளைக்கு நீங்க சைட் இன்ஜினியராகவோ ஷிப்ட் சூப்பர்வைசராகவோ போய் உட்காருவீங்க. உங்க முன்னாலும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் அவரைத் துண்டைக் கட்டிக்கச் சொல்லுங்க. அப்புறம் என்ன விஷயம்னு கேளுங்க.