33 வருஷம் பனியில் கிடந்த பிலிம்: அதை எடுத்த ஸ்ட்ரிண்ட்பெர்க் யார்?

பெட்டியில் போட்ட தேதி முடிஞ்சுட்டா பிலிம் குப்பைதானா? அவசரப்படாதீங்க. ஸ்வீடனின் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க் கதையைக் கேளுங்க.

1872-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். நாடகாசிரியர் ஆகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்கின் உறவினர். இயற்பியல் படித்தவருக்குப் புகைப்படத்தில் தீராத ஆர்வம். அன்னா சார்லியருடன் நிச்சயதார்த்தமும் முடிந்திருந்தது.

1897 ஜூலை 11-ல் வட துருவத்தைத் தொடும் கனவோடு, ஆந்த்ரே, ஃபிரேங்கெல் ஆகியோருடன் ஸ்வால்பார்டிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார். கேமரா இவர் பொறுப்பு. மூன்றே நாளில் பலூன் உறைந்த கடல்மேல் இறங்கிவிட்டது. சாய்ந்து கிடந்த பலூனை, சுட்ட பனிக்கரடியை எல்லாம் படமெடுத்தார். பனிப்பாளங்களில் நடந்தும் மிதந்தும் அக்டோபரில் க்விட்டோயா தீவை அடைந்தனர். மூவருமே திரும்பவில்லை. முதலில் இறந்தவர் 25 வயது ஸ்ட்ரிண்ட்பெர்க்.

அவர்களுக்கு என்ன ஆச்சுன்னு 33 வருஷம் யாருக்கும் தெரியாது. 1930-ல் உடல்களோடு பிலிம் சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவியபோது, சுமார் 240 படங்களில் 93 தேறின.

எப்படி? பிலிமைக் கெடுப்பது சூடும் ஈரமும். குளிர் அந்த ரசாயன மாற்றத்தை மெதுவாக்கும். துருவக் குளிர் படங்களைக் காத்தது. ஈரம் கறையை விட்டுப்போனது.

வீட்டிலும் இதே கணக்குதான். பிலிமைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்க. எடுத்தவுடன் பிரிச்சா நீர் கோக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்க. தேதி தாண்டிய கலர் நெகட்டிவ் பிலிம்னா, படமெடுக்கும்போது கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுங்க.