வருமுன் அறிந்த விக்ரம் சாராபாய்

நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பள்ளிப்பட்டு அமைந்துள்ளது. வடகிழக்குக் கோடியிலோ பழவேற்காட்டு ஏரி. அவ்வேரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, ஆந்திர எல்லைக்குள் கிடக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து விண்கலம் எழும்போதெல்லாம் நாம் நினைவுகூரத் தக்கவர், குசராத்துச் சமணக் குடும்பத்தில் தோன்றிய விக்ரம் சாராபாய் ஆவார்.

அகமதாபாத்தின் பெரும் ஆலையதிபர் அம்பாலாலின் மகனாக 1919 ஆகஸ்டு 12-இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயிலுங்கால் உலகப் போர் மூளவே, தாயகம் திரும்பினார். வாளாவிருக்கவில்லை, பெங்களூரில் சர் சி.வி. இராமனை அடுத்து அண்டக்கதிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1942-இல் அவர் மணந்த மிருணாளினி, சென்னைக் குடும்பத்து நாட்டியக் கலைஞர் என்பது நமக்கு உவப்பான செய்தி.

1947-இல், 28 வயதில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். நெசவாலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகமும் அவ்வாண்டே அவர் முயற்சியால் எழுந்தது. தொழில்கள் பெருகினால் நிருவாகம் கற்றோர் வேண்டுமன்றோ? அதற்கான உயர் கல்வி நிலையம் 1961-இல் அந்நகரில் தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது.

1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி பறந்தது. அஃது அமெரிக்காவில் செய்யப்பட்டது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பா, வளிமண்டல ஆய்வுக்கு மிகப் பொருந்திய இடம். ஆயினும் செயற்கைக்கோளை ஏவ அது போதாது. புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவினால் அவ்வேகமும் துணை நிற்கும். மேலைக் கரையிலிருந்து அவ்வாறு ஏவினால் கழன்று விழும் பகுதிகள் ஊர்கள்மேல் விழக்கூடும். கீழைக் கரையிலிருந்து ஏவினால் கடலில் விழும். எனவே 1969-இல் ஸ்ரீஹரிகோட்டா தெரிவு செய்யப்பட்டது. அப்போது நம் நாட்டிடம் செயற்கைக்கோளும் இல்லை, அதனைச் சுமக்கும் ஊர்தியும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அத்தீவின் காட்டை நம்பி வாழ்ந்த யானாதி மக்கள் இதனால் இடம்பெயர நேர்ந்தது. பிறவுயிர்க்கு இன்னல் செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், இதனை மறைத்துப் புகழ் மட்டும் பாடுவது முறையன்று. ஏவுதளத்தின் தேவையை அத்துணை முன்னதாகக் கண்டவர்கள், அம்மக்களின் மறுவாழ்வையும் அவ்வாறே முன்கூட்டி எண்ணியிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

1971 அக்டோபரில் சிறிய ரோகிணி ஏவூர்தி ஒன்று அங்கிருந்து முதன்முதலாகப் பறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30-இல், தும்பாப் பணிகளுக்காகச் சென்றிருந்த சாராபாய், கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அகவை 52. 1979-இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் முதல் முயற்சி தோற்றது. 1980 சூலை 18-இல் அதே வகை ஊர்தி, 35 கிலோ எடையுள்ள ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து, வங்கக் கடலின்மேல் கிழக்கு நோக்கிச் சென்று, அதனைப் புவியின் சுற்றுப்பாதையில் சேர்த்தது.