புகையோடு போராடிய டீசல்

பனிக்காலம். விடியற்காலை நேரம். காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி தயாராக நிற்கிறது. டிரைவர் சாவியைத் திருகுகிறார். செல்ப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஐந்தாறு முறை முயன்ற பிறகு ஒரு வழியாகப் பிடிக்கிறது. பிடித்ததும், தெருவே மறையும்படி புகை!

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவரே இதே தொல்லையோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடினார். அவர் பெயர் ருடால்ப் டீசல். ஆம்! டீசல் என்பது எண்ணெயின் பெயராவதற்கு முன்பே ஒரு மனிதரின் பெயர்.

ஊரை விட்டு ஓடிய குடும்பம்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தோல் சாமான்கள் செய்து பிழைத்தவர்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வறுமை வாட்டியது. 12 வயது ருடால்ப், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தொழிற்கல்வி பயின்றார். பிறகு மூனிச் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

குளிர்சாதன எந்திரங்களில் பேர்பெற்ற கார்ல் லிண்டே அங்கே அவருக்கு ஆசிரியர். நிலக்கரி கொடுக்கும் வெப்பத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் நீராவி எந்திரம் வேலையாக மாற்றுகிறது. மீதி வீணாகிறது என்று வகுப்பில் விளக்கினார். அது மாணவரின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. வீணாகும் வெப்பத்தை மிச்சப்படுத்தும் என்ஜினைச் செய்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

நெருப்பில்லாத நெருப்பு

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் வெப்பம் பிறக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

இதைத்தான் டீசல் பிடித்துக்கொண்டார். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைப் பிஸ்டன் பலமாக அழுத்தினால், அந்தக் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். அதற்குள் எண்ணெயைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறியே தேவை இல்லை! 1892-ல் காப்புரிமைக்கு மனுச் செய்தார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடமும் பண உதவியும் தந்தது.

ஒரு நிமிட ஓட்டம்

1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி முதல் சோதனை நடந்தது. எரிபொருள் உள்ளே போனதும் பயங்கர வெடிச் சத்தம்! அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஆனால் டீசலுக்கு மகிழ்ச்சி. என்ஜின் ஓடாவிட்டாலும், அழுத்திய காற்றிலேயே எரிபொருள் பற்றும் என்பது நிரூபணம் ஆகிவிட்டதல்லவா?

அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிந்தது. எண்ணெய் சீராகத் தூவப்படவில்லை. அரைகுறையாக எரிந்தது கரியாகவும் புகையாகவும் வந்தது.

1894-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. இன்று செல்ப் செய்கிற வேலையை அன்று ஒரு தோல் வார் செய்தது. தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து வந்த அந்த வார்தான் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று, என்ஜின் அந்த வாரை இழுக்கத் தொடங்கியது! அதை முதலில் கண்டவர் ஒரு தொழிலாளி. அவர் வாய் பேசாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி வணங்கினார். என்ஜின் தன் சொந்த பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது.

அந்த ஒரு நிமிடத்தை முழு வெற்றியாக்க மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் என்ஜினைச் சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவிகிதத்துக்கு மேல் வேலையாக மாறியது. உலகம் வியந்தது.

வண்டி சொல்லும் சேதி

டீசலை வாட்டியவை மூன்று: அழுத்தம் குறைவது, எண்ணெய் சரியாகத் தூவப்படாதது, எரிவதற்குக் காற்று போதாதது. இன்றைய பிக்கப் வண்டியிலும் பெரும்பாலும் இவையேதான் கோளாறு.

செல்ப் மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய சூடு ஏறாது. எனவே முதலில் பேட்டரியைப் பாருங்கள். செல்ப் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் துளிப் புகைகூட வராவிட்டால் எண்ணெய் உள்ளே போகவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். டீசல் பில்டர் அடைத்திருக்கும். அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கும். வெள்ளைப் புகை வந்தும் என்ஜின் பிடிக்காவிட்டால், எண்ணெய் போகிறது, சூடுதான் போதவில்லை. ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால் ரிங், வால்வு தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம்.

ஓடும் வண்டியில் புகையின் நிறமே நோயைச் சொல்லும். கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. ஏர் பில்டரை முதலில் பாருங்கள். பிறகு நாசிலைச் சோதிக்கலாம். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் சிறிது வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை. என்ஜின் சூடேறிய பிறகும் நீடித்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே புத்திசாலித்தனம். ஆனால் புது வண்டிகளில் எண்ணெய்க் குழாயின் அழுத்தம் உடம்பைத் துளைக்கக் கூடியது. அதில் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கடலில் மறைந்தார்

டீசல் பெரும் செல்வரானார். மூனிச்சில் மாளிகை கட்டினார். ஆனால் வழக்குகள் துரத்தின, முதலீடுகள் நஷ்டமாயின, உடல்நலமும் கெட்டது. கடன் கழுத்தை நெரித்தது.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி இரவு, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். சாப்பிட்டுவிட்டுத் தம் அறைக்குப் போனார். காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவே இல்லை! சில நாட்களுக்குப் பிறகு கடலில் ஓர் உடல் மிதந்தது. அதிலிருந்து எடுத்த பொருள்கள் தம் தந்தையுடையவை என்று அவர் மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்றுவரை விடை தெரியவில்லை.

அவர் செய்த முதல் என்ஜின்கள் ஆள் உயரத்தையும் மிஞ்சிய ராட்சதங்கள். லாரிக்குள் அடங்கும் டீசல் என்ஜின் 1920-களில்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் ஒரு நிமிட ஓட்டத்துக்காக அவர் பட்ட பாட்டின் பலனை இன்று கோடிக்கணக்கான வண்டிகள் சுமந்துகொண்டு ஓடுகின்றன.